புண்ணாக்கில் தங்கிய எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை காலை. பெருங்களத்தூரில் எங்கள் தெருமுனையில் மீன்காரம்மா கூடையை இறக்கி வைக்கிறார். கடல் மீன்களோடு கட்லாவும் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும் கிடக்கின்றன. கட்லாவை வாங்கிக் குழம்பு வைத்துப் பாருங்கள். குழம்பு ஆறியதும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று மிதக்கும். அது தாளிப்பதற்கு ஊற்றிய எண்ணெய் மட்டுமன்று. மீனின் வயிற்றுப் பகுதியிலிருந்து இறங்கிய கொழுப்பும் அதில் உண்டு.

இந்தக் கொழுப்பு மீனுக்கு எங்கிருந்து வந்தது?

வகுப்பில் ஒருநாள் இப்படிக் கேட்டேன். "குளத்துத் தண்ணீரிலிருந்து, சார்" என்றான் ஒரு மாணவன். "புண்ணாக்கிலிருந்து" என்றான் கிராமத்திலிருந்து வந்து படிக்கும் மற்றொருவன். இருவர் சொன்னதும் பாதி உண்மை. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சுவையான வரலாறு கிடைக்கிறது. அந்த வரலாற்றில் நம் ஊர்ச் செக்கு வருகிறது. அமெரிக்க எலி வருகிறது. ஜப்பானியக் கெண்டை வருகிறது. பெரு நாட்டின் நெத்திலியும் வருகிறது.

நான் இயற்பியல் ஆசிரியன். மீன்வளம் என் துறை அன்று. ஆனால் அழுத்தம், உருகுநிலை, ஆற்றல் ஆகிய மூன்றும் இந்த வரலாற்றின் நடுவில் நிற்கின்றன. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

தீனி போடாத ஏரிகள்

நம் நாட்டு ஏரிகளில் மீன் தானாகவே வளர்ந்தது. மழை பெய்து ஏரி நிரம்பும்போது ஆற்று நீருடனும் ஓடை நீருடனும் மீன் குஞ்சுகள் வந்து சேரும். கோடையில் நீர் வற்றும்போது ஊரார் மீன் பிடிப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் மீனுக்கு யாரும் உணவு போட்டதில்லை. வண்டல், பாசி, சிறு பூச்சிகள் ஆகியவையே அதற்கு உணவு.

மீனை முறையாக வளர்க்கலாம் என்ற எண்ணம் சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1905-ஆம் ஆண்டு சர் பிரெடரிக் நிக்கல்சன் மாகாணத்தின் மீன் வளத்தை ஆராயும் பணியில் அமர்த்தப்பட்டார். 1907-இல் மீன்வளத்துக்கென ஒரு தனி அமைப்பு தோன்றியது. 1911-இல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த கர்நூல் மாவட்டத்தில், சுங்கேசுலா என்னும் இடத்தில் மீன் பண்ணை அமைந்தது.

அதே காலத்தில் மேற்குக் கடற்கரையில் வேறொரு தொழிலும் வளர்ந்தது. மத்தி மீனை வேக வைத்துப் பிழிந்து எண்ணெய் எடுத்தார்கள். அந்த எண்ணெய் தோல் பதனிடவும் சோப்புச் செய்யவும் பயன்பட்டது. எஞ்சிய சக்கை தோட்டங்களுக்கு உரமாகச் சென்றது. மீனிலிருந்து எண்ணெய் எடுப்பதில் இவ்வளவு கவனம் செலுத்திய அந்நாளில், மீனுக்கு எண்ணெய் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஏன் என்பதைச் செக்கு சொல்லும்.

செக்கு விட்டுவைத்தது

மரச் செக்கையோ கல் செக்கையோ நீங்கள் பார்த்திருக்கலாம். உரலில் எள்ளையோ கடலையையோ இட்டு, மாட்டைக் கட்டி உலக்கையைச் சுழற்றுவார்கள். உலக்கைக்கும் உரலின் சுவருக்கும் இடையில் விதை நசுங்கி எண்ணெய் கசியும். ஆனால் மாட்டின் வலிமைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த அழுத்தத்தில் விதையின் எண்ணெய் முழுவதும் வெளியே வருவதில்லை. செக்குப் புண்ணாக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கு எண்ணெய் தங்கிவிடும். செக்கு ஓட்டியவருக்கு அது இழப்பு. அதைத் தின்ற மாட்டுக்கும் மீனுக்கும் அதுவே வரவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னாற்காடு மாவட்டத்தில் மணிலாக் கொட்டை, அதாவது நிலக்கடலை, பெருமளவில் பயிராகத் தொடங்கியது. புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாக அது பிரான்சு நாட்டு மார்செயில் நகர ஆலைகளுக்குச் சென்றது. உள்ளூரிலும் கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தது. வங்காளத்தில் கடுகுப் புண்ணாக்கு எப்படியோ, அப்படியே தெற்கில் கடலைப் புண்ணாக்கு. பின்னாளில் குளத்து மீனுக்குத் தீனி போடும் வழக்கம் வந்தபோது, புண்ணாக்கும் அரிசித் தவிடும் சம எடையில் கலந்த கலவையே நாடெங்கும் பொது உணவாயிற்று.

புண்ணாக்கு எல்லாம் மீனுக்கு உணவாகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இலுப்பைப் புண்ணாக்கில் சப்போனின் என்னும் நச்சுப் பொருள் உள்ளது. குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன், குஞ்சுகளைத் தின்னும் விரால், கெளுத்தி முதலியவற்றை ஒழிக்க, ஹெக்டேருக்கு 2,500 கிலோ அளவில் இலுப்பைப் புண்ணாக்கைப் போடுவார்கள். இரண்டு மூன்று வாரங்களில் நஞ்சு நீங்கி, அதே புண்ணாக்கு குளத்துக்கு உரமாகிவிடும்!

அங்குல் குளத்தில் ஒரு திருப்பம்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும், குளத்தில் இடா. எனவே மீன் வளர்ப்போர் ஆற்றில் மிதந்து வரும் குஞ்சுகளையே நம்பியிருந்தார்கள். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று, ஒடிசாவில் அங்குல் என்னும் ஊரில், ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீன்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தனர். அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

குஞ்சுப் பஞ்சம் தீர்ந்தது. 1971-இல் கூட்டு மீன் வளர்ப்புக்கான அகில இந்திய ஆய்வுத் திட்டம் தொடங்கியது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றோடு வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை, சாதாக் கெண்டை ஆகியவற்றையும் ஒரே குளத்தில் விட்டார்கள். ஒவ்வொன்றும் குளத்தின் ஒவ்வொரு மட்டத்தில் மேய்வதால் இடமும் உணவும் வீணாவதில்லை. ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 600 கிலோ கிடைத்துவந்த நாட்டில் டன் கணக்கில் மீன் எடுக்க முடியும் என்று அத்திட்டம் காட்டியது.

மீன்கள் நெருங்கி வளர்ந்தபோது குளத்துப் பாசி மட்டும் போதவில்லை. தவிடும் புண்ணாக்கும் மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டன. அதே காலத்தில்தான் எண்ணெய் ஆலைகளிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது.

ஓர் எளிய கணக்கு

1900-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வலேரியஸ் ஆண்டர்சன் என்பவர் எக்ஸ்பெல்லர் என்னும் திருகு எந்திரத்தை அமைத்தார். திருகின் புரி விதையை நெருக்கி நெருக்கித் தள்ளுவதால் செக்கைக் காட்டிலும் பன்மடங்கு அழுத்தம் கிடைக்கும். அதன் பிண்ணாக்கில் எஞ்சும் எண்ணெய் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கே. அடுத்து வந்த கரைப்பான் முறையில் அழுத்தத்துக்கே வேலை இல்லை. ஹெக்சேன் என்னும் நீர்மத்தில் எண்ணெய் கரையும். அதைப் புண்ணாக்கின் மீதோ தவிட்டின் மீதோ ஓடவிட்டு, எண்ணெயைக் கரைத்து எடுத்துவிட்டு, ஹெக்சேனை ஆவியாக்கி மீட்டுக்கொள்வார்கள். எஞ்சுவது ஏறத்தாழ ஒரு பங்கு எண்ணெய்தான். இந்தியாவில் இத்தொழில் வளர்ந்து, 1963-இல் கரைப்பான் முறை ஆலைகளுக்கென ஒரு சங்கமே பம்பாயில் தோன்றியது.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் 50 கிராம். உமி கலவாத நல்ல தவிட்டில் எண்ணெய் 15 விழுக்காடு என்று கொண்டால், அரைக் கிலோ தவிட்டில் 75 கிராம். ஆக ஒரு கிலோ கலவையில் 125 கிராம் எண்ணெய். புண்ணாக்கும் தவிடும் கரைப்பான் ஆலையிலிருந்து வந்தவையானால்? இரண்டிலுமாகச் சேர்த்து 10 கிராம்.

எடை அதே ஒரு கிலோ. பார்வைக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும். 115 கிராம் குறைந்தால் 1,000 கிலோகலோரிக்கு மேல் குறைகிறது. இந்த ஆற்றலை மீன் எங்கே தேடும்? மாவுச்சத்திலிருந்து ஓரளவு பெறும். எஞ்சியதற்குப் புரதத்தை எரிக்கும். ஒரு கிராம் புரதம் தருவது 4 கிலோகலோரியே. 1,000 கிலோகலோரி முழுவதையும் புரதத்திலிருந்தே எடுப்பதானால் 250 கிராம் புரதம் சாம்பலாக வேண்டும். உடலை வளர்க்க வேண்டிய செங்கல்லை அடுப்பில் வைப்பது போன்றது இது. எரிந்த புரதத்தின் கழிவு அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறிக் குளத்து நீரையும் கெடுக்கும்.

கரைப்பான் ஆலையைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. பச்சைத் தவிட்டில் லைபேஸ் என்னும் நொதி உள்ளது. நெல் அரைத்த சில நாட்களிலேயே அது எண்ணெயைச் சிதைத்துத் தவிட்டைக் காறச் செய்துவிடும். எண்ணெய் நீக்கிய தவிடு மாதக்கணக்கில் கெடாது, விலையும் குறைவு. ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைச் சுற்றிப் பரந்த மீன் பண்ணைகள் இந்தத் தவிட்டைக் கொண்டே வளர்ந்தன. துளையிட்ட சாக்குகளில் தவிட்டை நிரப்பிக் கழிகளில் கட்டி நீரில் தொங்கவிடுவது அவர்களுடைய முறை. மீன்கள் சாக்கை முட்டி முட்டித் தின்னும். சென்னைக்கு வரும் கட்லாவிலும் ரோகுவிலும் பெரும்பகுதி அப்பண்ணைகளில் வளர்ந்து, பனிக்கட்டியில் லாரி ஏறி வருபவையே.

உண்ட உணவில் எவ்வளவு மீனின் உடலாக மாறுகிறது என்று அளக்கும் ஆய்வில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. டி. ஜே. பாண்டியன் விரால் மீனைக் கொண்டு செய்த இத்தகைய ஆய்வை 1967-இல் வெளியிட்டார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1984-இல் பட்நாகர் விருது பெற்றார்.

எலியிலிருந்து மீனுக்கு

கொழுப்பு வெறும் எரிபொருள் மட்டுந்தானா? அப்படியானால் அதற்குப் பதிலாக மாவுச்சத்தைக் கொடுத்துவிடலாமே!

1929-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்து எலிகளை வளர்த்தனர். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வால் அழுகியது, வளர்ச்சி நின்றது. லினோலியிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தைச் சிறிதளவு கொடுத்ததும் அவை தேறின. சில கொழுப்பு அமிலங்களை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும் என்பது விளங்கியது. இவற்றுக்கு இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் என்று பெயர்.

மீன்களில் இது தெளிவாக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1972-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள், வானவில் டிரௌட் மீனுக்கு எலிக்குத் தேவைப்பட்ட லினோலியிக் அமிலம் போதாது, லினோலெனிக் அமிலமே தேவை என்று கண்டனர். அது கிடைக்காத மீன்களின் துடுப்புகள் அரித்துப் போயின. தொட்டியைச் சற்றே அசைத்தாலும் மீன்கள் மயங்கிக் கவிழ்ந்தன. 1977-இல் ஜப்பானில் தாக்கேயுச்சியும் வத்தனபேயும் சாதாக் கெண்டைக்கு இரண்டும் வேண்டும், தீவனத்தில் ஒவ்வொன்றும் ஒரு விழுக்காடு அளவில் வேண்டும் என்று காட்டினர். திலேப்பியாவுக்கோ, அதாவது நம் ஜிலேபிக் கெண்டையின் இனத்துக்கோ, லினோலியிக் அமிலமே முதன்மை என்று 1980-களில் தெரிந்தது.

குளிர் நீர் டிரௌட்டுக்கு ஒன்று. வெப்ப நீர் திலேப்பியாவுக்கு மற்றொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட கெண்டைக்கு இரண்டும். இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது அல்லவா?

உருகுநிலை சொல்லும் செய்தி

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பாருங்கள், வெண்மையாக உறைந்திருக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் நீர்மமாக இருக்கும். காரணம் கொழுப்பு அமிலங்களின் வடிவம். கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்தவை அவை. சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாவிட்டால் அது நேராக நீளும். நேரான குச்சிகளைக் கட்டாக அடுக்குவது எளிது. ஆகவே எளிதில் உறையும். ஓர் இரட்டைப் பிணைப்பு வந்தால் சங்கிலி அங்கே வளையும். வளைந்த குச்சிகள் ஒழுங்காக அடுங்குவதில்லை. ஆகவே உறைவதும் எளிதன்று.

18 கார்பன் கொண்ட நான்கு அமிலங்களை ஒப்பிடுங்கள். இரட்டைப் பிணைப்பே இல்லாத ஸ்டீரிக் அமிலம் ஏறத்தாழ 69 டிகிரி செல்சியசில் உருகும். ஒன்று உள்ள ஓலியிக் அமிலம் 13 டிகிரியில். இரண்டு உள்ள லினோலியிக் அமிலம் சுழிக்குக் கீழே 5 டிகிரியில். மூன்று உள்ள லினோலெனிக் அமிலம் சுழிக்குக் கீழே 11 டிகிரியில்.

நம் உடல் எப்போதும் 37 டிகிரியில் இருக்கிறது. மீனுக்கு அந்த வசதி இல்லை. நீரின் வெப்பநிலையே அதன் உடலின் வெப்பநிலை. அதன் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. அந்தச் சவ்வு இளகி இருந்தால்தான் உயிர் வேலைகள் நடக்கும். நீலகிரியின் குளிர்ந்த ஓடையில் வாழும் டிரௌட்டின் சவ்வு உறையாமல் இருக்க வேண்டுமானால் வளைவுகள் மிகுந்த கொழுப்பு அமிலங்கள் தேவை. சமவெளியின் வெதுவெதுப்பான குளத்தில் கிடக்கும் திலேப்பியாவுக்கு அந்த நெருக்கடி அவ்வளவாக இல்லை. உருகுநிலை என்று நாம் பத்தாம் வகுப்பில் படித்த பாடந்தான் மீனின் தட்டில் எந்த எண்ணெய் விழ வேண்டும் என்பதிலும் பேசுகிறது.

லினோலெனிக் அமிலம் ஒமேகா-3 வகையின் தாய். அதிலிருந்து இன்னும் நீண்ட, இன்னும் வளைந்த இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் அமிலங்களை நன்னீர் மீன்கள் பல தாமே ஆக்கிக்கொள்கின்றன. கடல் மீன்கள் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் திறமை குறைவு. அவை அந்த அமிலங்களை ஆயத்தமாகவே உணவில் பெறுகின்றன. கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விற்கும் சிறிய வரிக்குதிரை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஆக்கத்துக்கான நொதியின் மரபணுவை ஸ்டர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் அதனிடமிருந்து பிரித்துக் காட்டினர். ஒரே நொதி இரண்டு வேலைகளைச் செய்வதாகவும் கண்டனர். நன்னீர் மீனுக்குத் தாவர எண்ணெய் ஏன் ஒத்துவருகிறது என்பதன் விடை இதில் அடங்கியிருக்கிறது.

கெட்ட எண்ணெய்

வளைவு மிகுந்த கொழுப்புக்கு ஒரு குறையும் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை எளிதில் தாக்கும். ஜப்பானில் பட்டு நூல் எடுத்தபின் எஞ்சும் கூட்டுப்புழுக்களைக் கெண்டைக்குப் போடுவது நெடுநாள் வழக்கம். அவற்றில் எண்ணெய் மிகுதி. காறிப்போன கூட்டுப்புழுவைத் தின்ற கெண்டைகளின் முதுகுச் சதை வற்றி, எலும்பு துருத்தி நின்றது. 'செகோகே' என்று அந்நோய்க்குப் பெயர். முதுகு மெலிதல் என்று பொருள். எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைந்ததே காரணம் என்பதும், வைட்டமின் ஈ சேர்த்தால் நோய் தடைபடும் என்பதும் 1960-களில் தெரிந்தன.

அதே 1960-ஆம் ஆண்டில் புண்ணாக்கின் மற்றோர் ஆபத்தும் வெளிப்பட்டது. இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அமெரிக்காவில் பண்ணை டிரௌட் மீன்களுக்கு ஈரலில் புற்றுக்கட்டி கண்டது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கின் மீது ஐயம் விழுந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஈரப்பதத்தில் புண்ணாக்கின் மீது படரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அது. மழைக்காலத்தில் பூசணம் பிடித்த புண்ணாக்கை "மாடு தின்னாவிட்டால் மீனுக்குப் போடு" என்று குளத்தில் கொட்டுவது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

கடலின் கை சுருங்கியபோது

மேலை நாடுகளில் மீன் தீவனம் வேறு வழியில் வளர்ந்தது. கடலில் பிடித்த சிறு மீன்களை அரைத்து மீன் தூளாகவும் மீன் எண்ணெயாகவும் மாற்றி, பண்ணை மீனுக்கும் கோழிக்கும் பன்றிக்கும் கொடுத்தார்கள். இதற்குப் பெரிய ஊற்று பெரு நாட்டின் நெத்திலி. 1970-இல் அங்கே ஒரு கோடியே 20 இலட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1972-இல் எல் நினோ வந்து கடல் நீர் சூடேறியது. மிகுதியாகப் பிடித்ததும் சேர்ந்துகொண்டது. 1973-இல் பிடிப்பு சுமார் 20 இலட்சம் டன்னாகச் சரிந்தது. உலகெங்கும் தீவன விலை எகிறியது.

கடல் வற்றாத களஞ்சியம் அன்று என்ற பாடம் மெல்ல உறைத்தது. 2000-ஆம் ஆண்டில் ரோசமண்ட் நெய்லரும் துணை ஆசிரியர்களும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, மீன் வளர்ப்பே கடல் மீனைத் தின்று தீர்க்கிறதா என்று கணக்குப் பார்த்தது. நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990-இல் ஏறத்தாழ 90 விழுக்காடு கடலிலிருந்து வந்தது. 2013-இல் அது 30 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. அந்த இடத்தைச் சோயாவும், கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதையின் எண்ணெயும் பிடித்தன.

கடலுக்கு அது நன்மை. ஆனால் தட்டில் என்ன ஆயிற்று? ஸ்காட்லாந்துப் பண்ணைச் சால்மனின் சதையில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. அளவு 2006-க்கும் 2015-க்கும் இடையே ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. மீனுக்கு எதை ஊற்றுகிறோமோ அதுவே நமக்குத் திரும்பி வருகிறது.

எந்த எண்ணெய்?

இப்போது நம் குளத்துக்குத் திரும்புவோம். நூற்றுக்கு எவ்வளவு லினோலெனிக் அமிலம் என்று பார்த்தால், ஆளி விதை எண்ணெயில் 50 பங்குக்கு மேல். கடுகெண்ணெயில் சுமார் 10. சோயா எண்ணெயில் சுமார் 7. கடலை எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் ஏறக்குறைய இல்லை. நல்லெண்ணெயில் ஒரு பங்குகூட இல்லை. பாமாயிலிலும் மிகச் சொற்பம். அதன் பெரும்பங்கு உறையும் இயல்புள்ள பால்மிட்டிக் அமிலமும் ஓலியிக் அமிலமுமே.

இங்கே ஒரு புதிர். கடலைப் புண்ணாக்கிலும் தவிட்டிலும் ஒமேகா-3 மிகக் குறைவு. கெண்டைக்கோ அது வேண்டும். பின் எப்படி நம் குளத்துக் கெண்டைகள் இத்தனை ஆண்டுகள் நன்றாக வளர்ந்தன?

"தண்ணீரிலிருந்து" என்றானே என் முதல் மாணவன், அவன் வெல்லும் இடம் இதுதான். குளத்துப் பசுமை நீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் உள்ளன. ஒமேகா-3 அமிலங்களை அடியிலிருந்து ஆக்குபவை அவையே. பாசியைத் தின்ற நுண்ணுயிர்களையும் பாசியையும் மேய்ந்து கெண்டை அவற்றைப் பெற்றது. புண்ணாக்கு எரிபொருளையும் லினோலியிக் அமிலத்தையும் தந்தது. குளம் லினோலெனிக் அமிலத்தைத் தந்தது. யாரும் திட்டமிடாமலே கணக்கு நேராயிற்று.

செக்கின் திறமைக் குறைவும் குளத்தின் பசுமையும் மீனுக்குக் கொழுப்பூட்டிய இரண்டு மறைந்த கைகள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதல் கையைக் கரைப்பான் ஆலை எடுத்துக்கொண்டது. தொட்டிகளிலும் கூண்டுகளிலும் மிக நெருக்கமாக மீன் வளர்க்கத் தொடங்கியபோது இரண்டாவது கையும் எட்டாமற் போயிற்று. எட்டுக் கன மீட்டர் தொட்டியில் நூற்றுக்கணக்கான மீன்களுக்கு எவ்வளவு பாசி கிடைக்கும்? ஆகவேதான் இன்றைய மிதக்கும் குருணைத் தீவனத்தில் எண்ணெயை மீண்டும் விலை கொடுத்து வாங்கித் தெளிக்கிறார்கள். எடுத்ததைத் திருப்பி வைக்கும் வேலை அது. கெண்டைத் தீவனத்தில் 5 முதல் 8 விழுக்காடு வரை கொழுப்பு இருப்பது பொதுவான வழக்கம். அதற்கு மேல் மிகுந்தால் ஈரலிலும் வயிற்றிலும் கொழுப்புப் படியும். எடை ஏறும், சதை ஏறாது.

மனிதனுக்கே போதாதபோது

"நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இந்த நிலையில் மீனுக்கு எண்ணெயா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கும் கணக்கே விடை சொல்லட்டும். ஒரு கிலோ மீன் வளர ஒன்றரைக் கிலோ தீவனம் என்றும், அதில் 3 விழுக்காடு எண்ணெய் தெளிப்பதாகவும் கொள்வோம். ஒரு கிலோ மீனுக்குச் செலவாகும் எண்ணெய் 45 கிராம். அதனால் மிச்சமாகும் புரதத்தின் விலையோடு ஒப்பிட வேண்டும். வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும் தொழிலில் இது சிறு செய்தி அன்று.

சமையலுக்கு உதவும் சுத்திகரித்த எண்ணெய்தான் வேண்டும் என்பதும் இல்லை. சுத்திகரிக்காத தவிட்டெண்ணெயும், நாம் மிகுதியாக உண்ணாத ஆளி விதையும் மீனுக்கு உதவும். வேறொரு வழியும் உண்டு. வளர்ச்சிக் காலம் முழுவதும் மலிவான எண்ணெயைக் கொடுத்துவிட்டு, பிடிப்பதற்குமுன் சில வாரங்கள் மட்டும் ஒமேகா-3 மிகுந்த எண்ணெயைக் கொடுக்கலாம்; சதையின் கொழுப்பு அதற்கேற்ப மாறும். செக் நாட்டில் தென் பொகீமியப் பல்கலைக்கழகத்தினர் ஆளி விதையும் ரேப் விதையும் சேர்த்த தீவனத்தால் ஒமேகா-3 மிகுந்த கெண்டையை வளர்த்து விற்பனைக்கும் கொண்டுவந்தனர். அந்நாட்டில் கிறிஸ்துமஸ் விருந்து என்றாலே கெண்டைதான்!

நம் நிலைமையில் இது விருந்துச் செய்தி அன்று. மத்தியும் கானாங்கெளுத்தியும் கடற்கரையில் மலிவு. உள்நாட்டு ஊர்களில் பல குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை கிடைப்பது குளத்து மீன்தான். வளரும் குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் டி.எச்.ஏ. தேவை. அந்தக் குழந்தையின் தட்டில் விழும் கட்லாத் துண்டில் அது எவ்வளவு இருக்கும் என்பதை முடிவு செய்வது, எங்கோ ஒரு குளக்கரையில் அவிழும் தீவன மூட்டை. அந்த மூட்டையைத் தேர்ந்தெடுக்கும் மீன் வளர்ப்பவருக்கு, அதில் என்ன எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இதுநாள் வரை செக்கும் குளமும் அவருக்காக அதைப் பார்த்துக்கொண்டன. இனி அவரே பார்க்க வேண்டும்.

மாணவ வாசகர்களுக்கு எளிய சோதனைகள் இரண்டு. நான்கு சிறு புட்டிகளில் தேங்காய், கடலை, எள், ஆளி விதை எண்ணெய்களை ஊற்றிப் பனிக்கட்டியும் உப்பும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். வெப்பமானி கொண்டு எது எப்போது கலங்கி உறைகிறது என்று குறித்து வாருங்கள். வளைவுகளின் கதையை நீங்களே கண்ணால் காணலாம். அடுத்து, செக்குப் புண்ணாக்கு ஒரு துண்டும் எண்ணெய் நீக்கிய தவிடு ஒரு பிடியும் வாங்கி, பழுப்புத் தாளில் தனித்தனியே வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒன்றில் எண்ணெய்க் கறை ஒளி புகும்படி விரிந்திருக்கும். மற்றொன்றில் வெறும் தூசி இருக்கும்.

ஒரு நூற்றாண்டு வரலாற்றில் மீன் இழந்தது அந்தக் கறையைத்தான்.